குறியைப் பார்க்காமல் சுடுகிறவர்கள்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் வென்ற ஆட்டத்தில், அவருக்கும் அடுத்த படிக்கும் இடையே இருந்தது 0.1 புள்ளி. 22 முறை சுட்டு முடித்திருந்த அந்தக் கட்டத்தில் தென்கொரியாவின் கிம் யேஜிக்கு 221.8, மனுவுக்கு 221.7. மயிரிழையில் வெள்ளி போயிற்று என்று சொல்லலாம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மயிரிழை என்பதே பெரிய அளவு.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். இறுதிச் சுற்றில் அதைப் பத்தாகப் பிரித்து மதிப்பெண் தருவதால், 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் ரவை அவ்வளவு விலக வேண்டுமென்றால், கையிலிருக்கும் துப்பாக்கியின் முனை 0.03 மி.மீ.கூட நகர வேண்டியதில்லை. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத அசைவு அது. அதுவும் ஒரு முறை சுடும்போது நேர்ந்தாலே போதும்.

இந்த விளையாட்டைப் பற்றி வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாளாம், ஏர் பிஸ்டல் பழக வேண்டும் என்று பிடிவாதமாம். லைசென்ஸ் வேண்டுமா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருந்தார். துருக்கிக்காரர் ஒருவர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, டி-ஷர்ட்டோடு வந்து அநாயாசமாகச் சுட்டு வெள்ளி வாங்கினாரே, மற்றவர்கள் மாட்டிக்கொள்ளும் உபகரணமெல்லாம் வீண்தானா?

அந்தத் துருக்கிக்காரர் யூசுஃப் திகெச். 1973-இல் பிறந்தவர், ஓய்வுபெற்ற படைவீரர். 2008 பெய்ஜிங்கிலிருந்து பாரிஸ் வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் சுட்டவர். போகிற போக்கில் வந்து சுட்டவர் அல்ல. பாக்கெட்டில் கைவிடுவதும் அவருடைய தனிப் பாணி இல்லை. பிஸ்டல் வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் சும்மா இருக்கும் கையை பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகித்தான் வைப்பார்கள். தொங்கவிட்டால் அது ஆடும், உடம்பும் கூடவே ஆடும். விறைப்பான கோட்டு ரைஃபிள்காரர்களுக்கு உண்டு, பிஸ்டல்காரர்களுக்கு விதிப்படி இல்லை. கணுக்காலை மூடும் காலணிகூடக் கூடாது. ஆகவே உடை விஷயத்தில் திகெச்சுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் கண்ணில் இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

துப்பாக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை. பீப்பாயின் அடியில் ஒரு சிலிண்டர், அதில் 200 பார் அழுத்தம் வரை காற்று. ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஒரு சிட்டிகை காற்று வெளியேறி 4.5 மி.மீ. ஈய ரவையைத் தள்ளும். உதைப்பு அநேகமாக இல்லை. இருக்கிற சொற்பத்தையும் உள்ளே நகரும் ஒரு சிறு எடை வாங்கிக்கொள்ளும். துப்பாக்கியின் மொத்த எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. டிரிகர் 500 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்தில் விடக் கூடாது. போட்டிக்கு முன் துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். தூக்கும்போது டிரிகர் விட்டுக்கொடுத்தால் துப்பாக்கி உள்ளே போகாது. சிலிண்டருக்கும் ஆயுள் உண்டு, பத்து ஆண்டு. காலாவதியான சிலிண்டரோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மெரினாவில் பலூன் சுடாதவர்கள் நம்மில் குறைவு. இந்தப் பத்தியை எழுதுபவரும் சுட்டிருக்கிறார், பெரும்பாலும் பலகையைத்தான். அங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இடக்கண்ணை இறுக்கி மூடி, வலக்கண்ணால் பலூனையே முறைத்துப் பார்த்து, டிரிகரை வெடுக்கென்று இழுப்பது. பிஸ்டல் பயிற்சியாளர்கள் முதலில் மறக்கடிப்பது இந்த மூன்றையும்தான்.

பிஸ்டல் சுடுபவர் குறியைப் பார்ப்பதில்லை. அட்டை கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அவருக்கு அது ஒரு கலங்கிய கறுப்பு உருண்டை, அவ்வளவுதான். மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காண முடியும். துப்பாக்கியின் மேல் குறிபார்க்க இருக்கும் இரண்டு சைட்டுகளில் பள்ளமுள்ள பின் சைட் ஒரு தூரத்தில், முனையிலுள்ள முன் சைட் அதற்கடுத்து, அட்டை பத்து மீட்டரில். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அனுபவமுள்ளவர் தேர்ந்தெடுப்பது முன் சைட்டை. காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. கை முழுவதுமாக, இரண்டு சைட்டும் சேர்ந்து, ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ போனால் ரவையும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் அதே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் அட்டையில் மூன்று சென்டிமீட்டர் தப்பும். பத்துக்குக் குறிவைத்தவர் ஏழைத் தொடுவார். கை ஆடுவதை மன்னிக்கும் இந்த விளையாட்டு, மணிக்கட்டு சாய்வதை மன்னிப்பதில்லை.

கை ஆடாத மனிதர் கிடையாது. உலகச் சாம்பியனின் கையும் ஆடும், சின்ன வட்டத்துக்குள் ஆடும். புதியவர் அந்த ஆட்டத்தோடு சண்டை போடுவார். சைட் சரியாகக் கறுப்பின் கீழ் வந்து நிற்கும் அந்த ஒரு கணத்தைப் பிடித்துவிடலாம் என்று டிரிகரை இழுப்பார். இழுத்த இழுப்பில் துப்பாக்கியே திரும்பிவிடும். தேர்ந்தவர் கை ஆடுவதை ஆடவிட்டுவிட்டு, விரலை மட்டும் மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே போவார். எந்தக் கணத்தில் விடும் என்பது அவருக்கே துல்லியமாகத் தெரியாது.

குறிவைக்கும் இடமும் விசித்திரம்தான். 59.5 மி.மீ. அகலமுள்ள கறுப்பு வட்டத்தின் நடுவில் பெரும்பாலும் யாரும் குறிவைப்பதில்லை. கறுப்பின்மேல் கறுப்பு சைட் வந்தால் விளிம்பு தெரியாது. அதனால் வட்டத்துக்குக் கீழே, வெள்ளைப் பகுதியில் சைட்டை நிறுத்துவார்கள். ரவை அங்கிருந்து நடுவுக்கு ஏறிப் போய் விழும்படி பின் சைட்டைத் திருகி வைத்திருப்பார்கள்.

திகெச்சின் கதை இங்கேதான் வருகிறது. மூடிய கண்ணின் தசை இறுகினால் திறந்த கண்ணும் சோரும் என்பதால், பலர் ஒரு கண்ணை மூடாமல் அதன்முன் சிறு மறைப்பை மாட்டிக்கொள்வார்கள். திறந்த கண்ணுக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் வளையமும் லென்ஸும் வேறு. கிம் யேஜி அணிந்திருந்தது அதைத்தான். திகெச்சோ வழக்கமான மூக்குக்கண்ணாடியோடு இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுட்டார். இரண்டு கண்ணில் வரும் இரட்டைப் பிம்பத்தில் ஒன்றைப் புறக்கணிக்கப் பழகிய மூளை அவருடையது. கருவி வீண் என்பதல்ல இதன் பொருள். அந்தக் கருவி செய்கிற வேலையை அவர் பல ஆண்டு பயிற்சியில் செய்துகொண்டார்.

பயிற்சி என்றதும் டப்பா டப்பாவாக ரவை தீரும் என்று நினைக்கிறோம். பிஸ்டல்காரர்களின் உழைப்பில் பெரும்பங்கு ரவையே இல்லாமல் நடக்கிறது. வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்று, கையை உயர்த்தி, முன் சைட்டைப் பார்த்து, டிரிகரை இறுக்கி, ‘டிக்’ சத்தம் கேட்டதும் சைட் அசைந்ததா என்று கவனித்து, கையை இறக்குவது. மறுபடி உயர்த்துவது. அட்டை இல்லை, மதிப்பெண் இல்லை, பார்க்க ஆளில்லை. நவீன பிஸ்டல்களில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது, காற்றும் செலவாகாது. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். அந்த 60-க்குப் பின்னால் இருப்பது இந்தச் சுவர்தான்.

இனி வாசகரின் முதல் கேள்வி. இந்தியாவில் 4.5 மி.மீ. துளைக்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டலின் ரவை அரை கிராம் எடை, வேகம் நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர். ஆற்றல் ஆறு ஜூலைக்கூடத் தொடாது. தடை சட்டத்தில் இல்லை, விலையில்தான்: நல்ல போட்டிப் பிஸ்டல் லட்ச ரூபாயைத் தாண்டும், பெரும்பாலும் இறக்குமதி. கிளப் துப்பாக்கியில் பழகிப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். மகள் அடுத்து 25 மீட்டர் பிஸ்டலுக்குப் போக ஆசைப்பட்டால் கதை மாறும். அது வெடிமருந்துள்ள .22 தோட்டா, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வருவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் 12 வரை வைத்துக்கொள்ளலாம்.

வீரர்களையும் மற்றவர்களையும் சட்டம் பிரித்துப் பார்க்கும் இந்த ஏற்பாடு எல்லா நாட்டிலும் இல்லை. பிரிட்டன் வேறு வழியில் போனது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் உரிமம் பெற்று வைத்திருந்த கைத்துப்பாக்கிகளால் சுட்டான். அடுத்த ஆண்டே இரண்டு சட்டங்கள் வந்தன. கன்சர்வேடிவ் அரசு கொண்டுவந்த முதலாவது .22-க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆட்சி மாறியதும் லேபர் அரசு .22-ஐயும் சேர்த்தது. வட அயர்லாந்துக்கு மட்டும் இது பொருந்தவில்லை. பிரிட்டனின் பிஸ்டல் வீரர்கள் சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குப் போய்ப் பழகினார்கள். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியையும் 2012 லண்டன் ஒலிம்பிக்கையும் நடத்த அரசே தனி அனுமதி தர வேண்டியிருந்தது.

பொழுதுபோக்குக்குச் சுட்டவர்கள் சட்டத்தின் வார்த்தைகளை எண்ணிப் பார்த்தார்கள். தடை, பீப்பாய் 30 செ.மீ.க்கோ மொத்த நீளம் 60 செ.மீ.க்கோ குறைந்த துப்பாக்கிக்கு. அப்படியானால் நீட்டிவிடலாமே! பீப்பாயை நீட்டி, கைப்பிடியின் பின்புறம் ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தி, 60 செ.மீ. ஆக்கிய பிஸ்டல்கள் அங்கே சட்டப்படி விற்கின்றன. சுடுபவரின் முழங்கையை நோக்கி அந்தக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பயனும் இல்லாத கம்பி. சட்டத்துக்காக மட்டும் இருக்கிறது. பார்க்கச் சிரிப்பு வரும். டன்பிளேன் பெற்றோரின் முகத்தை நினைத்தால் அடங்கிவிடும். சட்டையில் மறைக்க முடியாத ஆயுதமாக அதை ஆக்க வேண்டும் என்ற நோக்கம், கோமாளித்தனமான வடிவத்திலாவது நிறைவேறத்தான் செய்கிறது. எந்தத் தவறும் செய்யாத வீரர்கள் விலை கொடுத்தார்கள் என்பதும் உண்மை. தனி அனுமதி தரத் தெரிந்த அரசு அதை முதலிலேயே யோசித்திருக்கலாம்.

நம் ஊரில் பிரச்சினை நேர் எதிரானது. சட்டம் தாராளமாக விட்ட ஏர்கன்தான் இங்கே அதிகம் சீரழிகிறது. பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு, பையன் மாடியிலிருந்து எதைச் சுடுகிறான் என்று பார்க்காத பெற்றோர் உண்டு. அணில், மைனா, கொக்கு, தெருநாய் எல்லாம் அவனுக்குக் குறிதான். வேடிக்கை என்னவென்றால், போட்டி ரவையின் தலை தட்டையாக இருப்பதே காகிதத்தில் வட்டமான ஓட்டை சுத்தமாக விழ வேண்டும் என்பதற்காக. அருணாச்சலப் பிரதேசத்தில் காடுகள் பறவையின்றி அமைதியாகிவருவதைக் கண்டு, 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமத்தவர்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 1,600-ஐத் தாண்டிவிட்டது எண்ணிக்கை.

ஏர்கன் ஆசைக்குச் சரியான இடம் மாடியல்ல, கிளப். 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் குமார் வந்தபோது ரைஃபிள் கிளப் வாசலில் கூட்டம் அலைமோதியது. அதில் பத்துப் பேராவது உள்ளே போய்ப் பழகக் கேட்டிருந்தால் நல்லது. ரேஞ்சுக்குள் முதலில் சொல்லித்தருவது சுடுவதை அல்ல. பீப்பாய் எப்போதும் அட்டைப் பக்கமே இருக்க வேண்டும், கட்டளை வரும்வரை துப்பாக்கியைத் தொடக் கூடாது, சுடாத நேரத்தில் பீப்பாய்க்குள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு கயிறு நுழைந்திருக்க வேண்டும் என்பதை. காற்றுத் துப்பாக்கி என்றால் அந்தக் கயிறு முனை வழியாக வெளியே நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும். உள்ளே ரவை இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றியிருக்கும் நைலான் கயிற்றை வெட்டிப் பலர் இதற்கு வைத்துக்கொள்கிறார்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ரவை ஈயம், விரலில் ஒட்டும், சாப்பாட்டோடு உள்ளே போகும்.