யத்தீம் பிள்ளைகளுக்குச் சேவை: புறப்படும் முன் சில விஷயங்கள்

ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் அநாதைப் பிள்ளைகளோடு இரண்டு வாரம் தங்கிச் சேவை செய்யலாம் என்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. போகலாமா என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். நிய்யத் நல்லதுதான். ஆனால் இப்படி வருகிறவர்களின் பணத்துக்காகவே, பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக்கூட ஏழைக் குடும்பங்களிலிருந்து பிரித்து இல்லங்களில் சேர்ப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும் இந்தச் சுற்றுலாச் சேவையின் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

ஆப்பிரிக்காவைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது. ரமலானில் துணியும் பிரியாணியும் எடுத்துக்கொண்டு ஓர் இல்லத்துக்குப் போய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டவர்கள்தாம் நாங்களும். ஒரு சிறுவன், "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டான். வருவோம் என்றோம். போகவில்லை. பழகியவர்கள் விட்டுப் போவதை ஏற்கனவே பார்த்துவிட்ட பிள்ளை அவன். படம் எடுத்தது சட்டப்படியும் தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74-வது பிரிவின்படி, பாதுகாப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

நம் மார்க்கத்தில் யத்தீம் என்றால் பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளை. தாய் இருந்தாலும் யத்தீம்தான். நபி (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தார்கள். பிறகு பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபும் தங்கள் வீட்டில் வைத்தே வளர்த்தார்கள். இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கம் நாங்கள் பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு உம்மா இருக்கிறார். சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல்தான் அவர் பிள்ளையை விடுதியில் விடுகிறார். மாதம் சில ஆயிரம் ரூபாய் இருந்தால் பிள்ளை அவர் மடியிலேயே இருக்கும்.

அந்தப் பணத்துக்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டியிருக்கும். இத்தா முடிந்த கையோடு ஒரு பெண் தனியாக அலுவலகப் படி ஏறுவது லேசான காரியமல்ல. தொண்டு செய்ய விரும்புகிறவர் துணைக்குப் போய் நிற்கலாம். இரண்டு வார வெளிநாட்டுப் பயணத்தைவிட அது பெரிய சேவை என்பது எங்கள் கருத்து.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, பரங்கிப்பேட்டை ஜமாஅத் கடலோர மீனவ மக்களுக்குச் சாதி மதம் பாராமல் உணவும் தங்க இடமும் கொடுத்தது நம் மாவட்டத்துக்கே பெருமை. அந்த நாட்களில் பிள்ளைகளை எடுத்து வளர்க்கப் பலர் முன்வந்தார்கள். அரசு அவசரத் தத்தைத் தடுத்து, கடலூர், நாகப்பட்டினம், கன்னியாகுமரியில் காப்பகங்கள் திறந்தது. காரணம், பிள்ளையைத் தேடி உறவினர் வரக்கூடும் என்பதுதான். இன்றும் ஆதரவற்ற பிள்ளையைக் கண்டால் வீட்டுக்கு அழைத்துப் போய்விடாமல் 1098-க்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்று, சொத்து. தந்தை தம் வாப்பாவுக்கு முன்பே மவுத்தாகிவிட்டால், பெரியத்தா, சின்னத்தா இருக்கும்போது பேரப்பிள்ளைக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு வராது. ஆனால் பாட்டனார் மூன்றில் ஒரு பங்குக்குள் அந்தப் பிள்ளைக்கு வஸிய்யத் எழுதலாம். யத்தீமின் சொத்தை அநியாயமாக உண்பவரைப் பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் 10-வது வசனம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் மஹல்லாவில் இப்படி எத்தனை பாட்டனார்கள் எழுதாமலே போயிருக்கிறார்கள்!

இல்லத்துக்குப் போய்ப் பாடம் சொல்லித்தர விரும்பும் பிள்ளைகள், குறைந்தது ஒரு கல்வியாண்டு, வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம் வர முடியுமானால் மட்டும் பெயர் கொடுங்கள். இல்லம் அரசுப் பதிவு பெற்றதா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். கைப்பேசி வாசலோடு நிற்கட்டும். ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் பதியப்படும், இன்ஷா அல்லாஹ்.