நாள் தவறாத பழக்கமே வணிகனின் பெயர்

வில்லியனூரிலும் பாகூரிலும் மளிகைக் கடை நடத்தும் நாம், சரக்கு எடுக்கப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் ரங்கப்பிள்ளை வீதியைப் பார்க்கிறோம். அந்த வீதிக்குப் பெயர் தந்தவர் நம்மைப் போல ஒரு வணிகர்தான். 1709இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை துணி வியாபாரம் செய்தார், கப்பல் வைத்திருந்தார். ஆளுநர் துப்ளேக்ஸ் காலத்தில், 1747இல், தலைமைத் துபாஷ் ஆனார்.

பணமும் பதவியும் படைத்த வணிகர்கள் அன்றைய புதுச்சேரியில் வேறு பலரும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. பிள்ளையின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் ஒரு சிறிய பழக்கம். அவர் 1736 செப்டம்பர் 6ஆம் தேதி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். வந்த கப்பல், இறங்கிய சரக்கு, கொடுக்கல் வாங்கல், வழக்கு, ஊர்ப்பேச்சு என்று அன்றன்று நடந்ததைத் தமிழ் மாதம், தேதி, கிழமை போட்டு எழுதி வைத்தார்.

1749இல் வில்லியனூர், பாகூர் பகுதிகள் சாந்தா சாகிப் மூலம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752இல் பாகூரிலேயே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நடந்தது. அவர் எழுதி வந்த காலம் அப்படிப்பட்டது. 1754இல் துப்ளேக்ஸ் பிரான்சுக்குத் திரும்பியபின் பிள்ளையின் செல்வாக்கு குறைந்தது. பிறகு பதவியும் போயிற்று. எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. 1761 ஜனவரியில் காலமாகும் வரை சுமார் 25 ஆண்டுகள் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 1846இல் அந்த ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. சில பகுதிகள் கிடைக்கவில்லை என்றாலும், கிடைத்தவற்றைச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. துபாஷ் என்ற பட்டம் பழங்கதை ஆகிவிட்டது. 'நாட்குறிப்பு வேந்தர்' என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அதைக் கொடுத்தது நாள்தோறும் அவர் செய்த வேலை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். கடைப் பலகையில் நாம் ஒரு பெயர் எழுதுகிறோம். ஊரார் வேறொரு பெயர் வைக்கிறார்கள். 'எடை சரியாக இருக்கும்', 'எப்போது போனாலும் பூட்டியிருக்கும்', 'சில்லறை கேட்டால் எரிந்து விழுவார்' என்பவையெல்லாம் ஊர் வைத்த பெயர்கள்தாம். நாம் தினமும் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் ஊர் பெயர் வைக்கிறது.

கடன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் கொம்யூன் கிராமங்களில் அறுவடைப் பணம் கைக்கு வரும்வரை கடனுக்குத்தான் சாமான் போகிறது. கூட்ட நேரத்தில் 'ராத்திரி எழுதிக்கொள்ளலாம்' என்று விடுகிறோம். இரவில் இரண்டு உருப்படி மறந்துபோகிறது, ஒன்று இரண்டு முறை ஏறுகிறது. நான்கு மாதம் கழித்துக் கணக்குத் தீர்க்க வருகிறவர், 'இந்த எண்ணெய் நான் வாங்கவே இல்லையே' என்கிறார். உறுதியாகப் பதில் சொல்ல நம்மால் முடிவதில்லை. தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த மாதம் நகரத்துப் பெரிய அங்காடிக்குப் போய்விட்டால், இருபது வருட வாடிக்கை போகிறது. இப்போது பாதிப் பணம் கைப்பேசி வழியாக வருவதால், கல்லாவை எண்ணி மட்டும் அன்றைய கணக்கைச் சரிபார்த்துவிட முடியாது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறு செயலை எடுத்துக்கொண்டு, காலை உணவுக்குப் பின் என்பதுபோல் ஒரு குறிப்பிட்ட வேளையோடு சேர்த்துத் தினமும் செய்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய கெடுதல் செய்யவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இது ஒரு கணக்கு.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனைய வேண்டாம். கீழ்க்கண்டவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. கடன் சரக்கு கை மாறுவதற்கு முன், நம் நோட்டிலும் வாடிக்கையாளர் நோட்டிலும் எழுதி, தொகையை வாய்விட்டுப் படிப்பது.

2. தராசில் பொருள் வைக்குமுன் பூஜ்யம் காட்டுவதை வாங்குபவர் பார்க்கச் செய்வது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் எடையளவுத் துறையின் முத்திரை போடும் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது.

3. கதவை இறக்குமுன் ரொக்கம், கைப்பேசி வரவு, கடன் மூன்றையும் கூட்டித் தேதி போட்டு எழுதுவது. பத்து நிமிட வேலை.

4. சொன்ன நேரத்துக்குக் கடை திறப்பது.

நன்றாக நடக்கும் நாளில் இவற்றைச் செய்வது எளிது. வியாபாரம் மந்தமான நாளிலும், வீட்டில் மனத்தாங்கல் உள்ள நாளிலும் செய்கிறோமா என்பதே கேள்வி. அப்படிச் சில மாதம் செய்தவர், 'கணக்குத் தவறாதவன் நான்' என்று தம்மைப் பற்றித் தாமே நினைக்கத் தொடங்குவார். அதன்பின் தவறாக எழுத அவருக்கே கை வராது. கடையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும் அதுவே பாடம்.

இன்றிரவு கதவை இறக்குமுன் ஒரு நோட்டை எடுத்துத் தேதி போடுவோம். அடுத்த சங்கக் கூட்டத்தில் எத்தனை நாள் தொடர்ந்து எழுதினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.