பட்டாளத்தின் மூத்தவர்

தொண்டை நாட்டின் வடவெல்லையில், ஆந்திரத்தை அடுத்து அமைந்துள்ளது திருத்தணி. சூரனோடு பொருத முருகன், சினம் தணிந்து அமர்ந்த தலம் இஃது என்பர். தேவர் படைக்குத் தலைவனாகிய அப்பெருமானின் ஊரிலே 1888 ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக விளங்கினார். நம் அரசியலமைப்பின்படி முப்படைகளின் தலைமையும் குடியரசுத் தலைவர்க்கே உரியது. 1965 ஆம் ஆண்டுப் போரின்போது அப்பெரும் பொறுப்பு இவ்வறிஞரிடமே இருந்தது.

மேலிடத்து ஆணை, எல்லையில் காவல் புரியும் கடைசிச் சிப்பாய்வரை சென்று சேர்தல் வேண்டும். அச்சிப்பாயின் உண்மை நிலையும் மேலிடத்திற்கு எட்டுதல் வேண்டும். தரைப்படையின் பட்டாளம் ஒவ்வொன்றிலும் இவ்விரண்டிற்கும் பாலமாக நிற்பவரே சுபேதார் மேஜர்.

சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் எனப் படிப்படியாக உயர்ந்தே இப்பதவியை அடைகிறார். பட்டாளத்திற்கு ஒருவரே இப்பதவியில் இருப்பார். கட்டளை அதிகாரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவர். இவரோ தம் வாழ்வின் பெரும்பகுதியை வீரர்களிடையே கழித்தவர். எவன் வீட்டில் துன்பம், எவனுக்கு விடுப்புத் தேவை, உணவில் என்ன குறை என்பன யாவும் இவர் அறிவார். தம் மகன் வயதுடைய இளம் அதிகாரிக்கும் இவர் வணக்கம் செலுத்துவார். அவ்வதிகாரியோ இவரைச் ‘சாகிப்’ என்றே மதிப்புடன் அழைப்பார்.

இவர்தம் பணிகளுள் அரியது, கட்டளை அதிகாரியிடம் மெய்யை மெய்யாகவே உரைத்தலாகும். வீரர்கள் சோர்ந்திருக்கையில், “எல்லாம் நலம்” என்று இவர் இனிப்பாகக் கூறிவிடின், அதன் விலையைப் போர்க்களத்தில் உயிர்களே கொடுக்க நேரும். அவ்வாறே, ஆணை பிறந்தபின் அதனைத் தம் சொந்தச் சொல்லாகவே ஏற்று வீரரை நடத்துதலும் இவர் கடன்.

1999 ஆம் ஆண்டுக் கார்கில் போரில், புலிமலை எனப்படும் டைகர் ஹில் சிகரத்தில் உடலெங்கும் குண்டுகள் பாய்ந்தும் போரிட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்ற யோகேந்திர சிங் யாதவ், அப்போது பத்தொன்பது வயதுச் சிப்பாய். பிற்காலத்தில் அவர் சுபேதார் மேஜராக உயர்ந்தார்.

அமெரிக்கத் தரைப்படை 1966 ஆம் ஆண்டில், சாதாரண வீரர் அனைவர்க்கும் மூத்தவராகப் படை முழுமைக்கும் ஒருவரை அமர்த்தியது. படைத்தலைவர்க்கு வீரர் நிலையை எடுத்துரைப்பதே அவர் பணி. நம் நாட்டிலோ ஒவ்வொரு பட்டாளத்திற்கும் அத்தகைய மூத்தவர் ஒருவர் உண்டு.

பதவி ஆணையிடும் உரிமையைத் தரும். நம்பிக்கையைத் தருவது நெடுநாள் உழைப்பும் வாய்மையுமே. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவரை மூத்தவராகப் பெற்ற பட்டாளம், இடர் வந்துற்ற காலத்தும் நிலை கலங்காது.