1930களின் பழிவாங்கும் கௌபாய் படங்கள்

பேசும்படம் வந்த தொடக்க ஆண்டுகளில், ஹாலிவுட்டின் சிறு நிறுவனங்கள் குறைந்த செலவில் எடுத்த மேற்கத்தியத் திரைப்படங்களில் ஒரு வகை இது. பெரிய படத்தோடு சேர்த்து ஒரே சீட்டில் காட்டப்படும் இரண்டாவது படமாகவே இவை பெரும்பாலும் ஓடின. நீளம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

பழிவாங்கும் கதை இப்படங்களுக்கு வசதியாக அமைந்தது. தொடக்கத்தில் தந்தை கொல்லப்பட்டால் போதும். நாயகன் ஏன் குதிரை ஏறுகிறான் என்று அதன்பின் விளக்க வேண்டியதில்லை. ஜான் வெய்ன் நடித்த 'வெஸ்ட் ஆஃப் த டிவைடு' (1934) படத்தில், தந்தையைக் கொன்றவனைத் தேடும் மகன், தேடப்படும் குற்றவாளியாக வேடமிட்டுக் கொள்ளைக் கூட்டத்தில் சேர்கிறான். 'த டான் ரைடர்' (1935) இன்னும் சிக்கலானது. காயமடைந்த நாயகனுக்குப் பணிவிடை செய்த பெண்ணின் அண்ணன்தான் அவன் தேடும் கொலையாளி. இரண்டையும் இயக்கியவர் ராபர்ட் பிராட்பரி. தயாரித்தது மோனோகிராம் நிறுவனத்துக்காகப் படமெடுத்த லோன் ஸ்டார்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. 1930இல் வகுக்கப்பட்டு, 1934 நடுப்பகுதி முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை விதிகள், தற்காலக் கதைகளில் பழிவாங்குதலை நியாயப்படுத்தக் கூடாது என்றன. நாகரிகம் வளராத காலம், இடம் என்றால் சற்றுத் தளர்வு உண்டு. சட்டம் எட்டாத எல்லைப்புறத்தில் நடக்கும் கௌபாய் கதைக்கு அந்த இடைவெளி உதவியிருக்க வேண்டும்.

பணத்தட்டுப்பாடு திரையிலேயே தெரியும். தலைப்பும் முடிவும் தவிர, பின்னணி இசை அநேகமாக இருக்காது. குளம்பொலியும் துப்பாக்கி ஓசையும்தான். ஆனால் சண்டைக் காட்சிகள் இங்குதான் மெருகேறின. குத்து முகத்தில் படாமலே பட்டதுபோலத் தோன்றும்படி கேமராவை வைக்கும் முறையை வளர்த்தவர்களாக வெய்னும் சண்டைக் கலைஞர் யகிமா கனட்டும் குறிப்பிடப்படுகின்றனர். கனட்டுக்குப் பின்னாளில் கௌரவ ஆஸ்கர் விருது கிடைத்தது.

1935இல் மோனோகிராம் உள்ளிட்ட சில நிறுவனங்கள் இணைந்து ரிபப்ளிக் பிக்சர்ஸ் ஆயின. வெய்ன் மேலும் சில ஆண்டுகள் சிறு படங்களிலேயே உழன்றார். 'ஸ்டேஜ்கோச்' (1939) வந்தபிறகே நிலை மாறியது. லோன் ஸ்டார் படங்கள் பலவற்றின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை. அதனால் இன்று அவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.