கணினிகளை இணைக்கும் கலை

புனே பல்கலைக்கழக வளாகத்தில் வளர்ந்த மத்திய அரசு நிறுவனம் சி-டாக். கணேஷ்கிண்டு வழியே அலுவலகம் செல்லும் நம்மவர் பலர் அப்பெயரைக் கேட்டிருப்பர். அங்கு உருவான ‘பரம்’ கணினியின் வரலாற்றை அறிந்தால், இன்றைய கணினி வணிகச் செய்திகள் எளிதில் விளங்கும்.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிரே நிறுவனத்துப் பெருங்கணினியை வாங்க இந்தியா முயன்றது. விரும்பிய ஆற்றலுடையது கிட்டவில்லை. அதனிற் சிறியதே, வானிலைக் கணிப்புக்கென்று வந்தது. 1988-இல் சி-டாக் தோன்றிற்று. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் ‘பரம் 8000’ உருவாயிற்று. ஒரே பேரியந்திரத்தைச் செய்யாமல், ‘டிரான்ஸ்பியூட்டர்’ என்னும் சிறு செயலிகள் பலவற்றை இணைத்து வேலையைப் பங்கிட்டனர்.

கலியாணச் சமையலை நினைத்துப் பாருங்கள். ஐம்பது சமையற்காரர் இருந்தும் என்ன? அரிந்த காய் அடுப்புக்கு வந்து சேராவிடில், கரண்டியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். கணினியிலும் அவ்வாறே. ஒரு செயலி கண்ட விடை மற்றொன்றுக்கு உடனே சென்றாக வேண்டும்.

வணிகரும் இதனை நன்கு அறிவர். இத்தகைய இணைப்புக் கருவிகளில் பெயர்பெற்ற இஸ்ரேலின் மெல்லனாக்ஸ் நிறுவனத்தை என்விடியா 2020-இல் ஏறத்தாழ 700 கோடி டாலருக்கு வாங்கிற்று. கிரே நிறுவனத்தையே 2019-இல் ஹியூலெட் பாக்கார்டு எண்டர்பிரைஸ் வாங்கியது. அதே நிறுவனம் 2025 ஜூலையில், வலையமைப்புக் கருவிகள் செய்யும் ஜூனிப்பரையும் சுமார் 1,400 கோடி டாலருக்குத் தனதாக்கிக்கொண்டது. போட்டி குறையுமென்று அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்து, பின்னர் நிபந்தனைகளுடன் இசைந்தது. விற்போர் குறையக் குறைய, வாங்குவோர் சொல் எடுபடுமோ?

சி-டாக் தன் சொந்த இணைப்பைக் கைவிடாததன் அருமை இங்கேதான் தெரிகிறது. முன்பு ‘பரம்நெட்’, பிறகு ‘திரிநேத்ரா’. நொடிக்கு 10,000 கோடி பிட் தகவலை அனுப்பவல்ல திரிநேத்ரா, புனேயிலுள்ள ‘பரம் ருத்ரா’ கணினியில் நிறுவிச் சோதிக்கப்பட்டுள்ளது. செயலிச் சில்லுகள் இன்னும் பெரும்பாலும் அயல்நாட்டவையே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ச் செய்தி ஒன்றும் உண்டு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், சி-டாக் துணையுடன் அமைந்த பெருங்கணினி 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பெற்றது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்ல அதன் பெயர் ‘பரம் பொருள்’. மராத்தியிலும் ளகரம் உண்டாதலால், புனே நண்பர்கள் அப்பெயரைப் பிழையின்றியே சொல்கின்றனர்.