சதுப்பு நிலமும் மனை அனுமதியும்

தனக்கு உரித்தான காணியில் வீடமைக்க ஒருவர் பிறர் அனுமதியை வேண்டிநிற்பது ஏன்? வேண்டியவிடத்து அதனை மறுக்கும் உரிமை அரசினர்க்கு எங்ஙனம் வந்தது? கொழும்பு மாநகரைச் சூழ்ந்த தாழ்நிலங்களைப் பொறுத்தமட்டில் இவை வெறும் ஏட்டு வினாக்களல்ல.

இலண்டன் மாநகரைச் சுற்றிப் பசும் வலயம் ஒன்றைப் பேண 1938இல் ஆங்கிலேயர் சட்டம் இயற்றினர். 1947ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை மனையாக மாற்றும் உரிமையையே அனுமதிக்கு உட்படுத்தியது. ஆண்டு மறுப்புக்குக் காரணம் நகர் வரம்பின்றிப் பரவுதலும் நாட்டுப்புறத்தின் வனப்புக் கெடுதலுமாம். கொழும்பிலோ காரணம் நீர்.

இந்நகர் பெரும்பாலும் தட்டையான நிலம். பெய்த மழை வடக்கே முகத்துவாரத்தினூடாகவும், தெற்கே வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்களினூடாகவும் கடலை அடைதல் வேண்டும். கால்வாய்களுக்கோ சரிவு மிகக் குறைவு. களனி கங்கை பெருகியவிடத்து அப்பக்கம் நீர் வடியாது. ஆகவே வடியுமளவும் நீர் தங்கியிருக்க இடம் தேவை. கொலன்னாவை, கோட்டைச் சதுப்பு நிலங்கள் அவ்விடத்தை அளிக்கின்றன. பத்துப் பேர்ச் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதனை ஒரு மீற்றர் உயரத்துக்கு மண்ணிட்டு நிரப்பினால் இரண்டரை இலட்சம் லீற்றர் நீருக்கு இடமில்லாது போம். அத்தகைய நூறு மனைகள் எழுந்தால் இரண்டரைக் கோடி லீற்றர். அந்நீர் நிரப்பியவர் வாசலுக்கு வருவதில்லை, அவர் மேட்டிலிருக்கின்றார். அயலவர் வீட்டினுள்ளேதான் புகும். அனுமதி என்பது தனியொருவர் காரியமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1992 யூன் 4ஆம் நாள் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியபோது நகரம் இவ்வுண்மையை உணர்ந்தது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தாழ்நிலங்களை மீட்டு, அதாவது நிரப்பி, மனையாக்கும் பொருட்டு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய நிறுவனமே இன்று அவற்றின் காவலாகவும் இருக்கின்றது. எழுத்து மூல ஒப்புதலின்றிச் சதுப்பை நிரப்புதல் குற்றமென 2006இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 1982இல் தியவன்னாவின் சதுப்பிடையே திறக்கப்பெற்ற பாராளுமன்றத்தையும் 2010 நவம்பர் வெள்ளம் சூழ்ந்தமை பலரும் அறிந்ததே.

ஆயினும் மறுப்பு யார் தலையில் விழுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். நகரினுள்ளே காணி விலை ஏறிவிட்டது. வெள்ளவத்தையில் மாடிமனைகள் நெருங்கிவிட்டன. சேமிப்பனைத்தையும் இட்டுத் தாழ்நிலத்தில் பத்துப் பேர்ச் வாங்கியவரே முறைப்படி விண்ணப்பித்து மறுக்கப்படுகின்றார். வசதியற்றோர் எவரையும் கேளாது கால்வாய்க் கரையில் குடிசை அமைக்கின்றனர். நகரமோ தன் குப்பையையே சதுப்பிற் குவித்தது. அவ்வாறு மீதொட்டமுல்லையில் உயர்ந்த மேடு 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வீட்டுக்கு மறுக்கப்பட்ட நிலம் குப்பைக்கு எங்ஙனம் தகுதியாயிற்று?

1947ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் உரிமையிழந்தார்க்கு ஈடுசெய்ய முப்பது கோடி பவுண் நிதியொன்றை வகுத்தது. இலண்டனுக்கு 1944இல் திட்டம் வகுத்த பற்றிக் அபர்குரொம்பியே அத்தசாப்த இறுதியிற் கொழும்புக்கும் ஒன்று வகுத்து, இரத்மலானை, ஹோமாகமை, ராகமை ஆகியவிடங்களில் துணைநகர்கள் அமைத்து மக்களைக் குடியேற்றலாம் என்றார். ஓரிடத்தை மறுப்பவர் மற்றோரிடத்தைக் காட்டவேண்டும் என்பதே அவர் திட்டத்தின் உட்கிடை. 2018இல் ராம்சார் உடன்படிக்கையினர் கொழும்பை ஈரநில நகரமென ஏற்றுக்கொண்டனர். அச்சிறப்புக்குரிய சதுப்புகளின் ஓரத்தே வாழ்வோர்க்கு அவ்வேறோரிடம் இன்னும் போதிய அளவில் காட்டப்படவில்லை.