கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கும் கோட்: எமுலேட்டரில் 'காவல் வரிகளை' நீக்குவது ஏன்?

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. எந்த நாளில், யார், எங்கே வலை போடலாம் என்பதை மீனவர்களே முறைவைத்து முடிவு செய்வார்கள். உரிமை உள்ளவருக்குத்தான் முறையே கிடைக்கும். அப்படி முறை வாங்கி ஏரியில் இறங்கியவரை நிறுத்தி, "உனக்கு உரிமை இருக்கா?" என்று மறுபடி கேட்டால்? வீண் வேலைதானே! சாஃப்ட்வேரிலும் இந்த வீண் கேள்வி உண்டு.

எமுலேட்டர் என்றால் என்ன?

கையில் இல்லாத கணினியை, இருக்கும் கணினிக்குள் சாஃப்ட்வேராகவே இயக்கிக் காட்டுவது. 2003-ல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய 'கியூஎமு' இதில் பிரபலம். சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசஸரும் 2021-ல் இதில் சேர்ந்தது. போர்டு கையில் இல்லாவிட்டாலும் லேப்டாப்பிலேயே அதற்கான புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம்.

காவல் வரி என்ன செய்யும்?

சி மொழியில் 'இஃப்டெஃப்' என்றொரு கட்டளை. "இந்த வசதி ஆன் ஆகியிருந்தால் மட்டும் கீழே உள்ள கோடைச் சேர்" என்று அது சொல்லும். ஆஃப் என்றால், அந்தப் பகுதி கம்பைலர் கண்ணிலேயே படாது.

எப்போது அது வீண்?

கியூஎமுவில் சக்திக்கென்று தனி ஃபைல் இருக்கிறது. சக்தி வசதி ஆன் ஆகியிருந்தால்தான் பில்ட் சிஸ்டம் அந்த ஃபைலையே எடுக்கும். அப்படியிருக்க, ஃபைலுக்குள்ளும் ஒருவர் "சக்தி ஆன் ஆகியிருக்கா?" என்று எழுதி வைத்தால், பதில் எப்போதும் 'ஆமாம்'தான்.

இருந்துட்டுப் போகட்டுமே?

அங்கேதான் சிக்கல். புதிதாகப் படிப்பவர், "சக்தி இல்லாமலும் இந்த ஃபைல் கம்பைல் ஆகும்போல" என்று தப்பாக நினைப்பார். காவல் வரியில் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டால் எரர்கூட வராது. கோட் சத்தமில்லாமல் காணாமல் போகும். இன்னொரு காரணமும் உண்டு. இதுவரை ஒவ்வொரு ப்ராசஸர் வகைக்கும் தனித்தனி புரோகிராமாக இருந்த கியூஎமுவை, பல வகைகளுக்கும் சேர்த்து ஒன்றாக்கும் முயற்சி நடக்கிறது. ப்ராசஸர் பெயர் சொல்லும் இஃப்டெஃப்கள் குறைந்தால்தான் அது முடியும்.

எல்லாவற்றையும் நீக்கலாமா?

கூடாது. லினக்ஸில் மட்டும் கிடைக்கும் கேவிஎம் போன்ற வசதிகளுக்குக் காவல் வேண்டும். இல்லையென்றால் மற்ற கணினிகளில் பில்ட் உடையும். அதனால் நீக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கேள்வியை வேறு யாராவது ஏற்கெனவே கேட்டுவிட்டார்களா? 'ஆமாம்' என்றால் நீக்கிவிட்டு, வசதியை ஆன் செய்து ஒரு முறை, ஆஃப் செய்து ஒரு முறை பில்ட் செய்து பார்த்தால் போதும்.